காவா என்னும் தேறல்

மதுவைப் பற்றி எழுதுவதா என்று எங்களுக்குள் ஒரு வாரம் வாதம் நடந்தது. நாங்கள் இருவருமே குடியைக் குடும்பப் பெயருக்கு நேர்ந்த களங்கமாக எண்ணும் வீடுகளில் வளர்ந்தவர்கள். பார்சலோனாவுக்குக் குடிவந்த முதல் ஆண்டில், விருந்துக்குப் போனால் ஆரஞ்சுச் சாற்றுக் கோப்பையைப் பிடித்தபடி சுவரோரமாக நின்றவர்கள். அத்தகைய நாங்கள் இன்று ஸ்பெயின் நாட்டு மது ஒன்றுக்காக வழக்காட முன்வந்திருக்கிறோம் எனில், கீழ்வீட்டு மூதாட்டியும் அவருடைய தம்பியின் திராட்சைத் தோட்டமுமே அதற்குக் காரணம். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்வது எங்கள் நோக்கமன்று. ஒரு பொருள் தவறான வேளையில், தவறான துணையோடு பரிமாறப்பட்டே கெட்ட பெயர் எடுத்திருப்பதைக் கண்டோம். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மூதாட்டியை அக்கம்பக்கத்துக் குழந்தைகள் 'யாயா' என்று அழைக்கின்றன. கத்தலான் மொழியில் பாட்டி என்று பொருள். தாயைக் குறிக்கும் நம் பழஞ்சொல்லாகிய 'யாய்' நினைவுக்கு வந்ததால் நாங்களும் அவ்வாறே அழைக்கலானோம். (இரு சொற்களுக்கும் உறவு ஏதும் இல்லை, காதுக்கு இதமாக இருந்தது, அவ்வளவே.)

முதல் கிறிஸ்துமஸுக்கு யாயா எங்களை நண்பகல் விருந்துக்கு அழைத்தார். பெரிய சங்குகளைப் போன்ற பாஸ்தா மிதக்கும் இறைச்சிச் சாறு, உலர்ந்த பிளம் பழமும் பைன் பருப்பும் சேர்த்துச் சமைத்த கோழி என்று மூன்று மணி நேரம் உணவு நீண்டது. எல்லாம் முடிந்து, தேனும் பாதாமும் இறுகிய 'துரோன்' என்னும் மிட்டாய் மேசைக்கு வந்த பிறகுதான் நுரைக்கும் மதுப் புட்டியின் தக்கை பறந்தது. வாய் அகன்ற பழங்காலக் கோப்பைகளில் ஊற்றினார்கள். அனைவரும் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார்கள். தேன் மிட்டாய் கரைந்துகொண்டிருந்த வாயோடு நாங்களும் ஒரு மிடறு பருகினோம். சுண்ணாம்பு கலந்த எலுமிச்சை நீரைக் குடித்தாற்போல் இருந்தது. மரியாதைக்குப் புன்னகைத்துவிட்டு, மாடிப்படி ஏறும்போது, "இதற்கா இத்தனை ஆரவாரம்?" என்று பேசிக்கொண்டோம்.

பிழை மதுவினுடையது அன்று என்பது பின்னால்தான் புரிந்தது. லட்டு தின்ற வாய்க்குச் சர்க்கரை போட்ட காப்பியும் கசக்கும் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். அந்தக் காப்பியிலும் சர்க்கரை இல்லையென்றால் என்னவாகும்? யாயா திறந்த புட்டியின் மேல் 'புரூட் நேச்சர்' என்று எழுதியிருந்தது. காவா வகைகளிலேயே இனிப்பு மிகக் குறைந்தது அது. அதனைத் தேன் மிட்டாயோடு மோதவிட்டால் தோற்காமல் என்ன செய்யும்!

இரண்டு மாதம் கழித்துப் பிப்ரவரியில், பெனடேஸ் வட்டாரத்தில் இருக்கும் தம்பியின் தோட்டத்துக்கு யாயா எங்களை அழைத்துச் சென்றார். பார்சலோனாவுக்குத் தென்மேற்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரம். வெறுங்கையோடு விருந்துக்குப் போகலாகாது என்ற நம் ஊர் வழக்கப்படி ஒரு புட்டி காவா வாங்க முனைந்தோம். கடையில் நின்றபோது பெயர்ப்பட்டைகள் எங்களைத் திகைக்க வைத்தன. ஸ்பானிய மொழியில் 'செக்கோ' என்றால் உலர்ந்தது. மதுவைப் பொறுத்தவரை இனிப்பற்றது. (இந்தப் பொருளில் 'உலர்' என்று தமிழில் எழுதினால் கருவாட்டு நினைவுதான் வருகிறது. ஆகவே 'இனிப்பற்ற' என்றே எழுதுகிறோம்.) முழுவதும் இனிப்பற்றது வேண்டாம், பாதியளவு போதும் என்று கணக்கிட்டு, 'செமி-செக்கோ' என்று எழுதிய புட்டியைப் பெருமிதத்தோடு வாங்கினோம்.

அந்தக் கணக்கு முற்றிலும் தவறு. லிட்டருக்கு 3 கிராமுக்கும் குறைவான சர்க்கரை, அதுவும் வெளியிலிருந்து சேர்க்காதது எனில் புரூட் நேச்சர். 6 கிராம் வரை எக்ஸ்ட்ரா புரூட், 12 வரை புரூட், 17 வரை எக்ஸ்ட்ரா செக்கோ. 'இனிப்பற்றது' என்று பெயர் சூடிய செக்கோவிலோ 17 முதல் 32 கிராம் வரை சர்க்கரை உண்டு. நாங்கள் வாங்கிய செமி-செக்கோவில் 32 முதல் 50 வரை! பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுரைமதுக்கள் பாகு போல் இனித்தன. அவற்றோடு ஒப்பிட்டு இட்ட பெயர்களே இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இனிப்பற்ற காவாவைத் தேடுபவர் 'செக்கோ' என்ற சொல்லை நம்பாமல் 'புரூட்' என்ற சொல்லைத் தேட வேண்டும் என்பதை ஒரு புட்டியின் விலை கொடுத்துக் கற்றோம்.

பெரியவர் எங்கள் புட்டியைத் திருப்பிப் படித்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பனிக்கட்டி வாளிக்குள் அதை இறக்கிவிட்டு, "இதற்கும் நேரம் வரும்" என்றார்.

அன்றைய விருந்துக்குக் 'கல்சொடாதா' என்று பெயர். கல்சோட் என்பது ஒருவகை வெங்காயம். தண்டு மண்ணுக்கு மேல் வளர வளர மண்ணை அணைத்துக்கொண்டே போவதால் நீண்டு வெளுத்து வளர்கிறது. தாரகோனா மாநிலத்து வால்ஸ் என்ற ஊரில் தொடங்கிய இவ்விருந்து, குளிர்காலத்தில் கத்தலோனியா முழுவதும் நடைபெறுகிறது. திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்யும் பருவமும் அதுவே. வெட்டிய கொடிச் சுள்ளிகளை அடுக்கித் தீ மூட்டி, அந்தக் கொழுந்துவிட்டெரியும் நெருப்பிலேயே வெங்காயத்தைக் கரியாகும்வரை சுட்டு, செய்தித்தாளில் பொதிந்து வைக்கிறார்கள். பிறகு கரிந்த மேற்தோலை ஒரே இழுப்பில் உரித்து, சுட்ட தக்காளி, பூண்டு, பாதாம், உலர்ந்த இனிப்பு மிளகாய், ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்த்து அரைத்த ரொமெஸ்கோ துவையலில் தோய்த்து, தலையை அண்ணாந்து வாய்க்குள் இறக்க வேண்டும். கழுத்தில் துண்டு கட்டாமல் இதைச் செய்ய முயல்வோர் சட்டையை மறந்துவிடலாம்.

விரல்கள் கரியும் எண்ணெயுமாக இருந்த அந்த நிலையில் பெரியவர் எங்களுக்கு ஒரு கோப்பை நீட்டினார். கிறிஸ்துமஸன்று எங்களை விரட்டிய அதே புரூட் நேச்சர் வகை. தயங்கியே பருகினோம். வாயெங்கும் பூசியிருந்த எண்ணெயையும் புகையையும் அது ஒரு நொடியில் வழித்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகுதான் சுவை விரிந்தது. முதலில் பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும், அடுத்துப் பெருஞ்சீரகத் தண்டை முறித்தாற்போல் ஒரு பசிய மணம், அதன் அடியில் வாட்டிய ரொட்டியின் வாசனை. விழுங்கிய பிறகு பாதாம் தோலின் மெல்லிய கசப்பு. அந்தக் கசப்பு அடுத்த வெங்காயத்தைக் கேட்டது. வெங்காயத்தின் இனிப்பு அடுத்த மிடற்றைக் கேட்டது. எங்களில் ஒருவர் பதினான்கு கல்சோட் தின்றதாகப் பெரியவரின் பேரன் எண்ணிச் சொன்னான். மற்றவர் எண்ணவிடவில்லை.

உணவுக்குப் பிறகு பெரியவர் எங்களைப் பக்கத்துச் சிறு நிலவறைக்குக் கூட்டிப்போனார். அவர் திராட்சை வளர்ப்பவர் மட்டுமே. அறுவடை முழுவதையும் அந்த நிலவறைக்குத்தான் தருகிறார். 'காவா' என்ற சொல்லுக்கே நிலவறை என்றுதான் பொருள். முதலில் சாதாரண வெள்ளைத் திராட்சை மதுவாகச் செய்து, அதனோடு அளவாகச் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்துக் கிடத்துகிறார்கள். மூடிய புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்கிறது. வெளியேற வழியில்லாத கரியமில வாயு மதுவிலேயே கரைகிறது. உள்ளே அழுத்தம் ஐந்தாறு வளிமண்டல அளவுக்கு, அதாவது கார் சக்கரக் காற்றழுத்தத்தைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு ஏறுகிறது. வேலை முடித்த ஈஸ்ட் இறந்து வண்டலாகப் படிகிறது. அந்த வண்டலின் மேல் மது எத்தனைக் காலம் கிடக்கிறதோ அத்தனைக்கு ரொட்டி மணமும் செறிவும் கூடுகின்றன. சட்டப்படி குறைந்தது 9 மாதம். 'ரெசர்வா' என்று எழுத 18 மாதம். 'கிரான் ரெசர்வா'வுக்கு 30 மாதம்.

எங்களைக் கவர்ந்தது கடைசிக் கட்டம். துளையிட்ட சாய்வுப் பலகைகளில் புட்டிகளைச் செருகி, நாள்தோறும் சிறிது திருப்பிச் சிறிது நிமிர்த்தி, வண்டல் முழுவதையும் கழுத்துக்குக் கொண்டுவருகிறார்கள். (இன்று பெரும்பாலும் இயந்திரக் கூண்டுகள் இதைச் செய்கின்றன.) பின்னர்க் கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால், உள்ளிருக்கும் அழுத்தமே வண்டல் கட்டியை வெளியே துப்பிவிடுகிறது. எஞ்சுவது பளிங்கு போன்ற மது. அந்தக் குறைவை ஈடு செய்ய ஊற்றும் மதுவில் எவ்வளவு சர்க்கரை கலக்கிறார்கள் என்பதே மேலே சொன்ன பெயர்களை முடிவு செய்கிறது. புரூட் நேச்சரில் சர்க்கரை கலப்பதே இல்லை. ஆகவே திராட்சையில் இருக்கும் குறையை மறைக்கவும் அங்கே இடமில்லை. பழந்தமிழில் மதுவைக் குறிக்கும் சொற்களுள் 'தேறல்' என்பதும் ஒன்று. தேறுதல் என்றால் தெளிதல். தேறல் என்பது தெளிந்த மது. அந்த நிலவறையில் நின்றபோது, பள்ளியில் உரை மனப்பாடம் செய்து மறந்த அச்சொல் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

காவாவுக்குரிய மரபான திராட்சைகள் மூன்று. மக்கபேயோ ஆப்பிள் போன்ற மென்பழச் சுவையைத் தருவது. பரெல்யாதா உயர்ந்த நிலங்களில் விளைந்து மலர் மணத்தைத் தருவது. இவ்விரண்டையும் பற்றி எங்களுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதான ஷரெல்லோ வேறு இனம். தடித்த தோல், நிமிர்ந்த புளிப்பு, மண்ணையும் மூலிகையையும் நினைவூட்டும் மணம், கடைசியில் அந்தக் கசப்பு. ஷாம்பேனின் சாயல் என்று காவாவைத் தள்ளிவிடுபவர்கள் ஷரெல்லோ மிகுந்த, நெடுங்காலம் கிடத்திய ஒரு புரூட் நேச்சரைப் பருகிப் பார்க்க வேண்டும். இது வெயிலும் சுண்ணாம்பு மண்ணும் உள்ள மத்தியதரை நிலத்தின் மது. வட பிரான்சின் குளிரில் பிறந்த ஷாம்பேனைப் போல் இருக்க வேண்டும் என்று இதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு எங்கள் சமையலறை ஒரு சிறு சோதனைச் சாலை ஆயிற்று. முதலில் தெளிவானது, காவாவுக்கு உப்பு வேண்டும் என்பது. எஸ்காலா ஊரின் உப்பிட்ட நெத்திலியை எண்ணெய் வடித்து, தக்காளி தேய்த்த ரொட்டியின் மேல் வைத்து உண்ணும்போது புரூட் நேச்சரின் புளிப்பு முனை மழுங்கி, பழச்சுவை மேலெழுகிறது. அடுத்து எண்ணெயில் பொரித்தவை. உப்புக்கண்டமான காட் மீனை ஊறவைத்து மசித்துப் பொரிக்கும் 'புன்யோல்' உருண்டைகள், மாவில் தோய்த்த கணவாய் வளையங்கள், வறுத்த பாதாம். குமிழியும் புளிப்பும் சேர்ந்து கொழுப்பைக் கழுவிவிடுவதால் ஒவ்வொரு வாயும் முதல் வாய் போலவே இருக்கிறது. பன்றித்தொடை உப்புக்கண்டமாகிய ஹாமோனுக்கும் இதே நியாயம். எங்களில் சைவ உணவுக்காரர் அதைக் கண்ணால் கண்டதோடு சரி, நாவால் அறிந்தவர் மற்றவர்.

நீண்ட காலம் கிடத்திய கிரான் ரெசர்வாவைப் பொரியலோடு வீணாக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதற்கு அடுப்பில் வெகுநேரம் இருந்த உணவு பொருந்தும். வதக்கிய காளான், வெள்ளைச் சாறு ஊற்றிச் சுட்ட கனலோன், யாயாவின் அந்தப் பிளம் பழக் கோழி. கோழிச் சாறும் மதுவின் ரொட்டி மணமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. இதை மிகக் குளிரவைத்தால் மணம் உறங்கிவிடும். இளைய காவாவுக்கு 6 முதல் 8 பாகை செல்சியஸ் போதும். மூத்ததற்கு இன்னும் இரண்டு பாகை கூடலாம். வாய் அகன்ற கோப்பையில் குமிழி நொடியில் ஓடிவிடுகிறது. சற்றே குவிந்த சாதாரணத் திராட்சை மதுக் கோப்பையே நல்லது.

தோல்விகளையும் சொல்லிவிடுகிறோம். கூனைப்பூ நாவில் வினோதமான உலோக இனிப்பை விட்டுவிடுவதால் காவா குழம்பிப்போனது. புளிக்காடி மிகுந்த கீரைக் கலவை மதுவை நீராக்கியது. எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் மீன் வறுவலை நம்பிக்கையோடு பரிமாறி, யாயாவின் கண்ணில் நீர் வரக் கண்டோம். குமிழியும் சாராயமும் காரத்தின் எரிச்சலை இரட்டிப்பாக்குகின்றன. காரத்தைக் குறைத்து மிளகு மட்டும் இட்ட உளுந்து வடையோ எவரும் எதிர்பாராத வெற்றி. மொறுமொறுப்பு, உப்பு, எண்ணெய், நடுவில் பஞ்சு போன்ற மென்மை என்று காவா கேட்பவை அனைத்தும் அதில் இருந்தன. பெரியவர் ஆறு வடை உண்டார். இது எண்ணிக்கை, எங்கள் பெருமையன்று.

இத்தனை உணவுக்குத் துணையாகத் தக்க மது ஏன் ஆண்டுக்கொரு முறை வாழ்த்துச் சொல்ல மட்டும் எழுப்பப்படுகிறது? 1872இல் சான்ட் சடுர்னி தனோயா ஊரில் ஜுசெப் ரவெந்தோஸ் ஷாம்பேன் முறையைப் பின்பற்றி இங்கே நுரைமது செய்தார். 1880களின் இறுதியில் பில்லோக்சரா என்னும் வேர்ப்பூச்சி இவ்வட்டாரக் கொடிகளை அழித்தபோது, பல நிலங்களில் கருந்திராட்சைக்கு மாற்றாக வெள்ளைத் திராட்சையை நட்டார்கள். பிரெஞ்சு மதுவின் நகல் என்ற நினைப்பும், கொண்டாட்டத்துக்கு மட்டும் உரியது என்ற நினைப்பும் தொடக்கத்திலேயே சேர்ந்து வந்துவிட்டன. இன்றும் யாயா இதைக் 'ஷம்பான்' என்றே சொல்கிறார். ஒரு பண்டிகையை நம்பி நிற்பதில் உள்ள அபாயம் 2004ஆம் ஆண்டின் இறுதியில் தெரிந்தது. மாட்ரிட் நகரின் ஒலிம்பிக் முயற்சி குறித்துக் கத்தலான் அரசியல்வாதி ஒருவர் சொன்ன சொல்லால் சினமுற்று, ஸ்பெயினின் பிற பகுதிகளில் பலர் அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கத்தலான் காவாவைப் புறக்கணித்தார்கள். விற்பனைக் காலமே அந்தச் சில வாரங்கள்தாம் என்றால், கொடி வளர்த்தவர் என்ன செய்வார்?

விலையும் ஒரு துயரம். பல்பொருள் அங்காடிகளில் காவா மிக மலிவாகக் கிடைக்கிறது. மலிவு என்ற பெயர் நல்ல நிலவறைகளையும் சேர்த்துக் கீழே இழுக்கிறது. 2012இல் ரவெந்தோஸ் வழிவந்த ஒரு நிலவறை காவா என்ற பெயரையே துறந்தது. 2019இல் ஒன்பது நிலவறைகள் 'கொர்ப்பினாட்' என்ற புதிய பெயரோடு விலகின. கையால் பறித்த இயற்கை வேளாண் திராட்சை, குறைந்தது 18 மாதக் கிடப்பு என்பவை அவர்கள் தமக்கே விதித்துக்கொண்ட நிபந்தனைகள். அவர்கள் செய்தது சரியா என்பதில் எங்களிருவருக்கும் இன்றுவரை உடன்பாடில்லை. பெரியவரைக் கேட்டபோது அவர், "பெயர் எதுவானாலும் ஒரு கிலோ திராட்சைக்கு எனக்குக் கிடைப்பது உங்கள் ஊர்க் காப்பிக் கடையில் ஒரு காப்பிக்குக்கூட ஆகாது" என்றார்.

2021 முதல் மழை பொய்த்தது. 2023 கோடையில் நாங்கள் சென்றபோது அவருடைய தந்தை நட்ட ஷரெல்லோ வரிசைகளில் இலைகள் காகிதம் போல் சுருண்டிருந்தன. இக்கொடிகளுக்குப் பாசனம் இல்லை. வேர் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவே உயிர். 2024 பிப்ரவரி முதல் நாள் பார்சலோனா உள்ளிட்ட பகுதிகளுக்கு வறட்சி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த மாதமும் கல்சொடாதா நடந்தது. எரிந்தவை கவாத்துச் சுள்ளிகள் மட்டுமல்ல, மூலையில் அடிமரங்களும் அடுக்கியிருந்தன. ஏறத்தாழ எழுபது வயதுக் கொடிகள். எவை என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று யாரும் வெங்காயத்தை எண்ணவில்லை. பின்னால் மழை வந்தது. இரண்டு வரிசைகளில் புதிய கன்று நட்டிருக்கிறார். அவை நல்ல மது தரும் நாளில் அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கியிருக்கும்.

சொல்ல மறந்த செய்தி ஒன்று உண்டு. முதல் கல்சொடாதா முடிந்து பழமும் சர்க்கரையும் தூவிய 'கொக்கா' என்னும் இனிப்பு ரொட்டி வந்தபோது, பெரியவர் வாளியிலிருந்து எங்கள் செமி-செக்கோவை எடுத்தார். அந்த இனிப்புக்கு அது அத்தனைப் பொருத்தமாக இருந்தது. "நாற்பது ஆண்டுகளாக என் அக்காளுக்கு இதைத்தான் சொல்கிறேன்" என்றார். யாயா காது கேளாதவர் போல் பாவனை செய்தார்.

சென்ற கிறிஸ்துமஸன்று யாயாவின் மேசையில் இறைச்சிச் சாறு வருவதற்கு முன்பே காவாவும் நெத்திலியும் வந்துவிட்டன. அதற்காக அவர் வழக்கத்தை விட்டுவிட்டார் என்று எண்ண வேண்டாம். துரோன் வந்ததும் மற்றொரு புரூட் நேச்சர் புட்டியைத் திறந்து, எழுந்து நின்று, அகன்ற கோப்பையில் ஊற்றி, புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டே குடித்தார். பக்கத்து நிலவறையில் 2023ஆம் ஆண்டு அறுவடையின் புட்டிகள் சில நீண்ட கிடப்புக்காக ஒதுக்கப்பட்டு இருட்டில் கிடக்கின்றன. அவற்றில் இரண்டை எங்களுக்காகப் பெரியவர் சொல்லி வைத்திருக்கிறார். வடைக்கு உளுந்து ஊறவைப்பது எங்கள் பொறுப்பு.